பெற்றோர் ஆஸ்திரேலியா போகும் வழியில் சிங்கப்பூர்: இரண்டு இரவு, ஒரு பகல் தங்கலைத் திட்டமிடும் முறை

திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறி, மெல்பர்னிலும் சிட்னியிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் பலர் சிங்கப்பூர் வழியாகத்தான் போகிறார்கள். அங்கே இறங்கி இளைப்பாறிவிட்டுப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும், பிள்ளைகள் முதலில் எடுப்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான். வேலை தலைகீழாகத் தொடங்குவது அங்கேதான். என் பெற்றோருக்கும் மாமியாருக்கும், பிறகு மெல்பர்ன் நண்பர்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கும் இந்தத் தங்கலை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். முதல் முறை நானும் பட்டியலில்தான் தொடங்கினேன். இடங்களைக் கடைசியில் வைத்த பிறகுதான் மற்ற எல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

70 வயதை ஒட்டியவர்கள், இந்தியப் பாஸ்போர்ட், ஆஸ்திரேலிய விசிட்டர் விசா, கூட ஒரு பிள்ளையோ உறவினரோ வருவார் என்ற கணக்கில் எழுதுகிறேன். துணையில்லாமல் இரண்டு பேர் மட்டும் போகிறார்கள் என்றால் 5-ஆம் பகுதியின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

1. எல்லாவற்றுக்கும் முன்: நடை, கழிவறை, மாத்திரை

டிக்கெட் தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிற்காமல் எவ்வளவு நேரம் நடப்பார்கள், எத்தனை மணிக்கு ஒரு முறை கழிவறை போவார்கள், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு.

நடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "அதெல்லாம் நடப்பேன்டா" என்றுதான் எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். ஒரு நாள் கூடவே கடைவீதிக்குப் போய், உட்கார இடம் தேடி அவர் கண் அலைவது எத்தனையாவது நிமிடத்தில் என்று பாருங்கள். என் அப்பாவுக்கு அது 12 நிமிடம். அம்மாவுக்கு 20. திட்டம் எப்போதும் குறைந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவரும் உட்காரத்தான் போகிறார்.

இந்தத் தாள்தான் விமான நேரம், இருக்கை, ஹோட்டல், வெளியே போகும் இடம் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அதனால்தான் இது முதலில் வருகிறது.

2. விசா: டிக்கெட்டுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சிங்கப்பூர் ஊருக்குள் நுழைய விசா வேண்டும். ஒரு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்து, மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறார்கள் என்றால், விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை தங்கும் சலுகை இருக்கிறது. மேற்கொண்டு போவதற்கான உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

ஆனாலும் பெரியவர்களுக்கு நான் முறையான விசாவையே எடுத்துவிடுகிறேன். காரணம் இரண்டு. சலுகை கிடைக்குமா என்பதை அங்கே போய் நின்ற பிறகு குடிநுழைவு அதிகாரிதான் சொல்வார். இரவெல்லாம் விழித்துவிட்டு வந்தவர்களை அந்த நிலையில் நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. இரண்டாவது, திரும்பும் பயணம். ஆஸ்திரேலிய விசா முடியும் தறுவாயில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் கிளம்புவார்கள். விசாவில் மிச்சம் இருக்கும் நாட்களைச் சலுகையின் விதிகள் கணக்கில் எடுப்பதால், போகும்போது கிடைத்தது வரும்போது கிடைக்காமல் போகலாம். விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்டின் கூலி தனி. அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலமாகவோ, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்புவதற்கு முன் ஐசிஏ என்னும் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை. மின்னஞ்சலில் வரும் கடிதம்தான். அதை அச்செடுத்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். கவுன்டரில் "விசா எங்கே?" என்று கேட்டதும் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பதறிப்போன அம்மாக்கள் உண்டு.

3. டிக்கெட்: மாலையில் இறங்குங்கள், பகலில் பறக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகின்றன. இரவு 11.30-க்குக் கிளம்பினால், நாலேகால் மணி நேரப் பயணம், அதோடு இரண்டரை மணி நேர வித்தியாசம்; காலை 6.15-க்கு இறங்குவார்கள். அவர்கள் உடம்புக்கு அப்போது நேரம் 3.45. தூங்கியது மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். அன்று பகல் முழுக்க மிச்சம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். பெரியவர்களுக்கு அது தொலைந்துபோன பகல்.

அதனால் காலையிலோ நண்பகலிலோ கிளம்பி, மாலையிலோ இரவிலோ இறங்கும் விமானத்தைத் தேடுங்கள். இறங்கினால் சாப்பாடு, தூக்கம். மறுநாள் முழுப் பகல். இன்னொரு இரவு. மூன்றாம் நாள் பகல் விமானத்தில் ஆஸ்திரேலியா. 96 மணி நேரத்துக்குள்ளும் இது அடங்கிவிடும்.

சிங்கப்பூர் - மெல்பர்ன் ஏழரை மணி நேரம், சிட்னி எட்டு மணி நேரம். இரவு விமானம் என்றால் தூக்கம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். இரவில் மூன்று முறை எழுந்து போகிறவர் இருட்டில், தூங்குகிறவர்களைத் தாண்டிப் போக வேண்டும். எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். பகல் விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை, கால் வீக்கமும் குறைவு. எப்படியானாலும் வழிநடை ஓர இருக்கையை முன்கூட்டியே காசு கொடுத்து எடுத்துவிடுங்கள். கழிவறைக்கு நாலைந்து வரிசை தள்ளி இருக்கட்டும். ஒட்டியே இருந்தால் வரிசையில் நிற்பவர்கள் தலைமேல் நிற்பார்கள்.

காலை 10 மணிக்கு முந்தைய விமானம் வேண்டாம். 8 மணி விமானத்துக்கு 4 மணிக்கு எழுப்ப வேண்டும். அவர்கள் உடம்புக்கு அது இரவு ஒன்றரை.

இரண்டு பயணமும் ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. திருச்சி - சிங்கப்பூர் ஒரு நிறுவனத்தில் மலிவாகவும், சிங்கப்பூர் - மெல்பர்ன் வேறொன்றில் மலிவாகவும் கிடைக்கும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பே இல்லை. இரண்டு இரவு தங்கும்போது அந்த ஆபத்து குறைவுதான். ஆனால் சில மணி நேரமே இடைவெளி என்றால் வேறொரு சிக்கல் வரும். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்குக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். "நாங்க ஏர்போர்ட்டை விட்டு வெளியவே போகலயே" என்று சொல்லிப் பயனில்லை.

பதிவு செய்யும்போதே சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். ஆசிய சைவம், சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு என்று தனித்தனியே உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். போகும் வழியில் ஒன்றுக்குப் பதிவாகி மற்றதற்கு விட்டுப்போவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

4. பெட்டி

இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டினால் பெட்டிகள் பொதுவாகச் சிங்கப்பூரிலேயே கைக்கு வந்துவிடும். பேரக்குழந்தைக்கு எடுத்துப்போகும் பலகாரம், மசாலாப் பொடி, பாத்திரம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு இரண்டு பெட்டி இருக்கும். இவ்வளவையும் ஹோட்டல் அறைக்கு இழுக்காதீர்கள். இரண்டு நாளைக்கான துணியைக் கைப்பெட்டியில் வைத்து, பெரிய பெட்டிகளைச் சாங்கியிலேயே பெட்டிகளை வாங்கி வைக்கும் இடத்தில் கட்டணம் கொடுத்து விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலிய விமானம் கிளம்பும் முனையம் (டெர்மினல்) எது என்று பார்த்து, அந்த முனையத்தில் வையுங்கள். முனையம் 1, 2, 3-க்கு இடையே ஸ்கைட்ரெயின் உண்டு, நான்காவதற்குப் பேருந்துதான்.

5. அறை: இந்தப் பயணத்தின் நடுத்தூண்

என் முதல் பிழையைச் சொல்கிறேன். விடிகாலையில் இறங்கும் விமானம். ஏழரை மணிக்கெல்லாம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அறை 3 மணிக்குத்தான் என்றார்கள். பணம் கட்டி முன்பதிவு செய்திருக்கிறோமே என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, அம்மா வரவேற்பறைச் சோபாவில் கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்திருந்தார். ஏழரை மணி நேரம். அன்று சாயங்காலம் அவருக்குக் கால் இரண்டும் வீங்கிப்போனது. சிங்கப்பூரில் அவர் பார்த்தது அந்தச் சோபாவைத்தான்.

ஹோட்டல் மீது தவறில்லை. அறை கிடைக்கும் நேரம் பதிவிலேயே எழுதியிருந்தது. விடிகாலையில் இறங்குவதைத் தவிர்க்க முடியாது என்றால், முந்தைய இரவையும் சேர்த்து அறை எடுங்கள். 12-ஆம் தேதி காலை இறங்குகிறீர்கள் என்றால் 11-ஆம் தேதியிலிருந்து. கூடவே "12-ஆம் தேதி காலை 7 மணி வாக்கில்தான் வருவோம், அறையை விட்டுவிட வேண்டாம்" என்று எழுதிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால், இரவு வரவில்லை என்று அறையை ரத்து செய்துவிட வாய்ப்புண்டு. ஒரு இரவின் வாடகை வீணாகிறதே என்று தோன்றும். வீண் இல்லை. அந்தக் காலைத் தூக்கத்துக்குத்தான் அந்தப் பணம்.

எந்தப் பேட்டையில் தங்குவது? சைவச் சாப்பாட்டுக்காகச் சிராங்கூன் சாலைப் பக்கம், அதாவது லிட்டில் இந்தியா, வசதி. 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் முதல் எத்தனையோ கடைகள். இட்லிக்கும் ரசத்துக்கும் அலைய வேண்டாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அங்கே பழைய கடைவீடுகளை ஹோட்டலாக்கியவை நிறைய. சிலவற்றில் லிஃப்ட் இல்லை, சிலவற்றில் அறைக்கு ஜன்னல் இல்லை. பதிவு செய்யுமுன் ஹோட்டலுக்கு எழுதி நான் கேட்பவை:

லிஃப்ட் அறை இருக்கும் தளம் வரை போகிறதா, வாசலில் படி உண்டா, டாக்சி வாசல் வரை வருமா. குளியலறையில் தொட்டி இருக்கிறதா, நின்று குளிக்கும் இடம் இருக்கிறதா. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைப்பதுதான் மூட்டுவலிக்காரர்கள் வழுக்கும் இடம், அதனால் தொட்டி உள்ள அறையை நான் எடுப்பதே இல்லை. கட்டில் இரண்டு தனித்தனியா. கழிவறையில் தண்ணீர்க் குழாய் உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விடாதீர்கள், பெரியவர்களுக்கு அது பெரிய விஷயம். இல்லை என்றால் கைப்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் குவளையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

துணையில்லாமல் இருவர் மட்டும் வருகிறார்கள் என்றால், ஊருக்குள் போகும் திட்டமே வேண்டாம் என்பது என் கருத்து. இடைவெளியை 24 மணி நேரத்துக்குள் வைத்து, பெட்டியை நேரே ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டச் சொல்லிவிட்டு, குடிநுழைவைத் தாண்டாமலே உள்ளே இருக்கும் டிரான்சிட் ஹோட்டலில் மணிக்கணக்கில் அறை எடுத்துக் கொடுங்கள். படுத்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறட்டும். ஒன்று மட்டும் கவனம்: ஜுவல் என்னும் வணிக வளாகத்தில் இருக்கும் ஹோட்டலும், முனையம் 3-ஐ ஒட்டிய ஹோட்டலும் குடிநுழைவுக்கு வெளியே இருப்பவை. பெயரில் சாங்கி என்று இருப்பதைப் பார்த்து அவற்றை எடுத்துவிட்டு, விசா இல்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

6. வீல்சேர் உதவி

நடக்க முடிந்தவர்களுக்கும் கேளுங்கள். "எனக்கென்ன, கால் நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா மறுப்பார். சாங்கியில் விமானத்திலிருந்து டாக்சி வரை நடக்க வேண்டிய தூரத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். 1-ஆம் பகுதியில் எழுதிய நிமிடக் கணக்கை எடுத்துக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக. படி ஏறுவாரா, இருக்கை வரை தானே நடப்பாரா, தூக்கித்தான் விட வேண்டுமா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். விமானம் சில நேரம் தூரத்தில் நின்று படிக்கட்டு வழியாக இறக்குவார்கள். படி ஏற இறங்க முடியாதவருக்கு அப்போது தூக்கு வண்டியில் வைத்து இறக்க ஏற்பாடு வேண்டும், அது முன்கூட்டியே சொன்னால்தான் நடக்கும்.

இருவரில் ஒருவர் மட்டும் வீல்சேரில் போகும்போது, உதவியாளர் அவரை வேறு வழியில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எல்லாப் பாஸ்போர்ட்டும் அம்மாவின் கைப்பையில், அம்மா வரிசையின் கடைசியில் என்றால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு கழுத்துப் பை. அவரவர் பாஸ்போர்ட், டிக்கெட், ஹோட்டல் முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண், அன்றைய மாத்திரை, எல்லாம் அவரவர் கழுத்தில்.

7. மருந்தும் காப்பீடும், கூடவே கசகசாவும்

ஆறு மாதம் தங்கப் போகிறார்கள் என்று ஆறு மாதத்து மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிக் கட்டுவது வழக்கம். சிங்கப்பூரும் சரி, ஆஸ்திரேலியாவும் சரி, சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவைத்தான் அனுமதிக்கின்றன. மீதிக்கு ஆஸ்திரேலியாவில் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலுவான வலி மாத்திரை இருந்தால் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம். சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) போட்டுப் பாருங்கள். பயணத்துக்குப் பல நாள் முன்பே இதைச் செய்ய வேண்டும், கடைசி நேரத்தில் ஆகாது.

டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு. அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பெயர் தெரியாத மாத்திரைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இன்சுலின் கட்டாயம் கைப்பையில். விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோனால் அது பயன்படாது. நேர மாற்றத்துக்கு எந்த ஊசியை எப்போது போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு மூன்று ஊர் நேரத்திலும் எழுதி வாங்குங்கள். இந்தியாவில் காலை 8 மணி மாத்திரை சிங்கப்பூரில் 10.30, மெல்பர்னில் 12.30, கோடையில் 1.30. தொலைபேசியின் கடிகாரம் தானாக மாறிவிடும், அவர்கள் கைக்கடிகாரம் மாறாது. இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே மாத்திரையை இருமுறை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. தேதி போட்ட தாளில் போடப் போட அடித்துக்கொண்டே வருவதுதான் நான் கண்ட வழி.

பயணக் காப்பீடு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் எடுத்ததா, சிங்கப்பூரும் அதில் வருமா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்குச் செல்லுமா என்று மூன்றையும் பாலிசியில் தேடிப் படியுங்கள். ஏஜென்டின் வாய்வார்த்தை போதாது.

அம்மா கட்டும் மசாலாப் பெட்டியை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கசகசா சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாத பொருள். நமக்குக் குருமாவில் அரைத்துவிடும் சாமான், அங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் படும் விதை. சூயிங்கம், வாயில் அடக்கும் புகையிலை இரண்டுக்கும் அங்கே தடை. புகையிலையோடு வெற்றிலை போடும் தாத்தாவிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

8. மூன்று நாள் முன்பு

சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது ஐசிஏ-யின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல், தங்கும் அனுமதியை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். அதனால் அப்பா எப்போதோ தொடங்கிக் கடவுச்சொல் மறந்துபோன முகவரியைப் போடாமல், உங்கள் முகவரியைப் போடுங்கள்.

ரோமிங் போட்டு, கிளம்புமுன் ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

9. இறங்கிய பிறகு

விமானத்தை விட்டு இறங்கியதும் முதலில் கழிவறை, பிறகு தண்ணீர், அப்புறம்தான் குடிநுழைவு. வரிசையில் நின்ற பிறகு விட்டுப் போக முடியாது. சில பெரியவர்களைத் தானியங்கி வாயில் ஏற்காமல் போகலாம். பதற வேண்டாம், பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் போகச் சொல்வார்கள். இதை முன்பே சொல்லி வைத்தால், வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தாம் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்துப் பயப்பட மாட்டார்கள்.

ஊருக்குள் போக டாக்சிதான். எம்ஆர்டி ரயில் மலிவு, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. ஆனால் விமான நிலைய ரயிலில் ஏறினால் வழியில் வேறு ரயிலுக்கு மாற வேண்டும், இறங்கிய நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு நடக்க வேண்டும். 20 கிலோமீட்டர் தூரம், டாக்சியில் அரை மணி. விமான நிலையத்தில் ஏறுவதற்கு மீட்டருக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு, நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஓட்டுநரோடு வழக்குப் பேசாமல் ஏறுங்கள்.

அன்று இரவு வெளியே போக வேண்டாம். தயிர் சாதமோ இட்லியோ வாங்கி வந்து அறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

10. அந்த ஒரு பகல்

இரண்டு தடவை வெளியே போகலாம், நடுவில் கட்டாயம் அறை. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

நேரத்தை அவர்கள் உடம்புக் கடிகாரத்தில் கணக்கிடுங்கள். வீட்டில் 6 மணிக்கு எழுபவர் இங்கே எட்டரைக்குத்தான் எழுவார். ஆகவே விடியற்காலைத் திட்டம் எதுவும் ஒட்டாது. மாலை ஏழே முக்கால் அவர்களுக்கு வீட்டு ஐந்தேகால், தெம்பாக இருக்கும் நேரம். சிங்கப்பூரில் மாலையும் இரவும்தான் பெரியவர்களுக்கு வாய்ப்பான பொழுது. வெயிலும் தாழ்ந்திருக்கும்.

காலையில் கோயில். வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் சிராங்கூன் சாலையிலேயே இருக்கின்றன. நண்பகல் 12 மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பத்தரைக்குள் போய்விடுங்கள். இரண்டுக்கும் இடையே நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை வீட்டுக்கு வீடு உயரம் மாறும், திடீர்ப் படி இருக்கும், மேலே கடைகளின் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் தடுக்குவார். ஒரு கோயில் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தப் பக்கம் வேண்டாம். வாரம் முழுக்க உழைத்த நம் ஊர்த் தொழிலாளர்கள் ஒன்றுகூடும் நாள் அது. கூட்டத்தில் மெதுவாக நடப்பது பெரியவர்களுக்குச் சிரமம்.

கோயில் முடிந்ததும் சாப்பாடு, அறை, தூக்கம். பிற்பகலில் இடியோடு மழை அடிக்கடி வரும், அந்த நேரம் உள்ளே இருப்பதும் நல்லதுதான்.

மாலை 5 மணிக்குக் கார்டன்ஸ் பை தி பே பூங்கா. டாக்சியில் வாசலில் இறங்குங்கள். அங்கே இரண்டு கண்ணாடிக் குடில்கள் உண்டு. பெரியவர்களுக்கு மலர்க்குடில் (ஃப்ளவர் டோம்) மட்டும் போதும். ஏசி, சரிவுப் பாதை, உட்கார இடம் எல்லாம் இருக்கும். இன்னொன்றான மேகக்காட்டில் (கிளவுட் ஃபாரஸ்ட்) 35 மீட்டர் அருவி இருக்கிறது. ஆனால் லிஃப்டில் உச்சிக்குப் போய், அந்தரத்தில் நிற்கும் பாதையில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவருக்குப் பாதியில் திரும்ப வழி தேடுவது கடினம். மலர்க்குடிலைப் பராமரிப்புக்காக அவ்வப்போது ஒரு நாள் மூடுவார்கள், போகும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே குளிரும், ஒரு சால்வை வேண்டும்.

வெளியே வந்து, சூப்பர்ட்ரீ என்னும் உயரமான செயற்கை மரங்களின் கீழே ஏழேகாலுக்குள் உட்கார இடம் பிடியுங்கள். 7.45-க்கும் 8.45-க்கும் ஒளியும் இசையுமாகக் காட்சி, கட்டணம் இல்லை. முதல் காட்சியைப் பாருங்கள். முடியும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து டாக்சிக்குப் போவார்கள். நீங்கள் கால் மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். என் அம்மா அந்தக் கால் மணி நேரத்தைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததை.

நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆம்புலன்சுக்கு 995. இந்த எண்ணை அவர்கள் கழுத்துப் பைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

11. புறப்படும் நாள்

இரவே பெட்டியைக் கட்டி, மருந்துத் தாளைப் பார்த்து, காலை மாத்திரையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே சாங்கியில் இருந்தால், விட்டுவைத்த பெட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டு, நேரம் இருந்தால் ஜுவலில் 40 மீட்டர் உள்ளரங்க அருவியை உட்கார்ந்து பார்க்கலாம். ஜுவல் முனையம் 1-ஐ ஒட்டியது, குடிநுழைவுக்கு வெளியே. உள்ளே போன பிறகு திரும்பி வர முடியாது, அதனால் பார்ப்பதாக இருந்தால் முன்பே.

ஆஸ்திரேலிய வருகைப் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுதச் சொல்லுங்கள். முறுக்கும் ஊறுகாயும் உணவுதான். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் கண்டுபிடித்தால் அபராதம். மருந்தையும் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று. சாங்கியில் பல வாயில்களில் பாதுகாப்புச் சோதனை அந்தந்த வாயிலில்தான் நடக்கும். சோதனையைத் தாண்டி உள்ளே போய் உட்காரும் அறைகள் பலவற்றில் கழிவறை கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலையும் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூப்பிட்டதும் முதல் ஆளாக உள்ளே போய் உட்காருவது நம் பெரியவர்களின் பழக்கம். உள்ளே முக்கால் மணி நேரம், பிறகு விமானம் மேலே ஏறி இருக்கை வார் விளக்கு அணையும் வரை. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். சோதனைக்கு முன்னால் இருக்கும் கழிவறைக்கு இருவரையும் அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக உள்ளே கூட்டிப்போங்கள்.